வீட்டுக்குள் வைக்கும் டிவி ஆன்டெனா: வாங்கும் முன் சில விஷயங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்தவன், வரிசையில் நிற்பவர்களின் பொறுமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கீழே நோட்டீஸ் போர்டில் ஒரு யோசனை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 24 வீடுகளுக்கும் சேர்த்து ஒரே நிறுவனத்தின் இணையமும் டிவியும், அதற்கான தொகையை மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு வசூல் செய்வது என்று. அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது லாபம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் கட்டடத்தில் ஏழு வீடுகளில் வயதானவர்கள் தனியாகவோ இருவராகவோ இருக்கிறார்கள். சிலர் குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். அவர்கள் டிவியில் பார்ப்பது செய்தி, கர்நாடக சங்கீதம், எப்போதாவது கிரிக்கெட். அவர்களும் இதே தொகையைக் கட்டியாக வேண்டுமா என்பதுதான் கேள்வி. "ஆன்டெனா வைத்தால் போதுமே" என்று ஒருவர் சொன்னார். "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எதுவும் வராது" என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் கணக்கு. 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த புதிய முறைப்படி, கேபிளோ டிடிஎச்சோ எதுவானாலும் இணைப்புக் கட்டணம் என்று மாதம் 130 ரூபாய் வரை வாங்கலாம் என்றார்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு 1,840 ரூபாய் 80 காசு. இலவச சேனல்களை மட்டுமே பார்த்தாலும் இது உண்டு, கட்டணச் சேனல்களின் விலை இதற்கு மேல். 2024 ஜூலையில் அந்த 130 என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். இப்போது நிறுவனம் வைப்பதுதான் தொகை.

இனி ஆன்டெனா. நம் ஊரில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அதற்கப்புறம் மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடிக்கு மாடி அலுமினியக் கம்பிகள் முளைத்தன. காக்காய் உட்கார்ந்து வளைத்துவிடும், பட்டத்தின் மாஞ்சா சுற்றிக்கொள்ளும். மாடியில் ஒருவர் திருப்ப, கீழிருந்து ஒருவர் "வந்துடுத்து, வந்துடுத்து, ஐயோ போயிடுத்து" என்று கத்துவார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்த அனலாக் ஒளிபரப்பு இப்போது இல்லை. நாடு முழுவதும் படிப்படியாக மூடி, எல்லைப்புறம் போன்ற சில முக்கிய இடங்களைத் தவிர மற்றதை 2022 மார்ச்சோடு முடித்துக்கொள்வதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. "இப்போது எதுவும் வராது" என்று சொன்னவர் மனதில் இருப்பது இதுதான்.

ஆனால் அதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. டிவிபி டி2 என்பது அந்த முறையின் பெயர். டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி பாரதி, டிடி ஸ்போர்ட்ஸ், இவற்றோடு மாநில மொழிச் சேனல் அல்லது டிடி கிசான் என்று அப்போது அறிவித்தார்கள். நம் மொழிச் சேனல் என்றால் பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்று பெயர். சன், விஜய், ஜீ எதுவும் இந்த வழியில் வராது. தரைவழி டிவி ஒளிபரப்பு நம் நாட்டில் தூர்தர்ஷனிடம் மட்டுமே இருக்கிறது. சீரியல் பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து காபி குடிக்கப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மட்டும் உட்காருங்கள். 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். கேபிளிலும் தூர்தர்ஷன் வருகிறதே, அங்கேயே இலவசமாகப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தோம். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. பகிர்ந்த அந்தப் படம் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரலாம், கேபிள்காரரோ தனியார் டிடிஎச்சோ கொடுக்கக் கூடாது. அதனால்தான் சில மேட்ச்கள் நடக்கும்போது உங்கள் கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டால் வேறு ஏதோ ஓடுகிறது. மாதம் பணம் கட்டுகிறவருக்கு வராத மேட்ச், பணமே கட்டாமல் ஆன்டெனா வைத்தவருக்கு வரும். வினோதமாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான்.

இப்போது இடம். சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏழு, ஏழரை கிலோமீட்டர். திசை கிழக்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. நம் பேட்டைக் கணக்கில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இடது தோளைச் சற்றுத் திருப்பினால் சரி. ஏழு கிலோமீட்டர் என்பது டிவி கோபுரத்துக்கு மிக அருகில். அருகில் என்பதால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "எதிர் மாடியிலேயே டவர் இருக்கிறதே, நமக்கு நன்றாக வருமே" என்று ஒரு மாமா கேட்டார். அது கைபேசி டவர். அதற்கும் டிவிக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் அது எதிரி. முன்பு டிவிக்கு என்று இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைகளைத்தான் இப்போது 5ஜிக்கும் கொடுத்திருக்கிறார்கள். அது ஜன்னலுக்கு எதிரிலேயே இருந்தால், நாம் பிடிக்க வேண்டிய மெல்லிய குரலின் மேல் அது கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பூஸ்டர் வேண்டாம் என்கிறேன். பூஸ்டர் என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது நம் கடலோர ஊர்களிலும் தென் மாவட்டங்களிலும் உயரமான குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, பூஸ்டர் போட்டுப் பார்த்தார்கள். கடல் தாண்டி வரும் அலைக்கு அது வேண்டும். ஏழு கிலோமீட்டரில் அது உபத்திரவம். பூஸ்டருக்கு எது டிவி, எது கைபேசி, எது பக்கத்து வீட்டு மலிவான எல்இடி பல்பின் இரைச்சல் என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கும். டிவியின் ட்யூனர் திணறிப் போகும். நம் கட்டடத்திலேயே ஒரு மாமி இணையத்தில் பார்த்து, மின்சாரத்தில் சொருகும் பூஸ்டரோடு ஒன்று வாங்கினார். ஒரு சேனல்கூட வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். பூஸ்டரைக் கழற்றிவிட்டு, ஆன்டெனா வயரை நேராக டிவியில் சொருகி மறுபடி தேடச் சொன்னேன். வந்துவிட்டது. பூஸ்டர் இப்போது அவர் வீட்டு பரணில் இருக்கிறது.

இணையக் கடைகளில் "4கே டிஜிட்டல் ஆன்டெனா", "நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எட்டும்" என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஆன்டெனாவுக்கு 4கே தெரியாது, டிஜிட்டல் தெரியாது. அது கம்பி. எந்த அலைவரிசைக்கு எவ்வளவு நீளம் என்பதுதான் அதன் ஜாதகம். பூமி உருண்டை என்பதால், எழுதியிருக்கும் தூரத்திலிருந்து அறைக்குள் வைத்த ஒரு தகட்டுக்கு எதுவும் எட்டாது. அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நீளத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதுதான் இதில் முக்கியமானது. இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப் பட்டையில், 470-க்கு மேலே தொடங்கும் அலைவரிசைகளில் இருக்கிறது. 300-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 526 மெகாஹெர்ட்ஸ் என்று நடுவாக ஒன்றை எடுத்துக்கொண்டால் 57 சென்டிமீட்டர். அதில் பாதி ஏறக்குறைய 28, 29 சென்டிமீட்டர். பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் அடி ஸ்கேல் நீளம். அவ்வளவுதான் வேண்டும். பழைய மொட்டை மாடி ஆன்டெனாவில் கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீண்டிருந்ததற்குக் காரணம், அது விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவரிசைக்கானது. அதை இறக்கித் துடைத்து மறுபடி மாட்டினால் பயன் மிகக் குறைவு. பழைய இரும்புக் கடைக்குப் போடுவது உத்தமம்.

டிவி மேல் வைக்கும் இரண்டு கொம்பு ஆன்டெனா உங்களிடம் இருந்தால் எறியாதீர்கள். எல்லோரும் செய்வது, கொம்புகளை முழுவதும் இழுத்து வானத்தைக் காட்டி வைப்பது. அதை விட்டு, ஒவ்வொரு கொம்பையும் 14 சென்டிமீட்டருக்குக் குறைத்து, இரண்டையும் தரைக்குக் கிடையாக, ஒரே கோட்டில், இடதும் வலதுமாக விரித்து வையுங்கள். அந்தக் கோட்டின் அகலப் பக்கம் சேப்பாக்கத்தைப் பார்க்க வேண்டும், நுனி பார்க்கக் கூடாது. செலவில்லாத முதல் சோதனை இதுதான்.

புதிதாக வாங்குவதானால் ரிச்சி தெருவில் கேட்டு வாங்குங்கள். ஜன்னலில் ஒட்டும் தட்டைத் தகடு போதும், அல்லது எட்டுக்கால் பூச்சி மாதிரி கம்பிகள் விரிந்த சின்ன யுஎச்எஃப் ஆன்டெனா. சில நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும். கடையில் மூன்று விஷயம் பாருங்கள். யுஎச்எஃப்புக்கானதா, பூஸ்டர் இல்லாததா அல்லது கழற்றக் கூடியதா, வயர் எவ்வளவு நீளம். ஒன்றரை மீட்டர் வயரோடு வருவதை வாங்காதீர்கள். டிவி இருக்கும் இடத்தில்தான் ஆன்டெனாவும் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிடும், அது பெரும்பாலும் மோசமான இடம். ஐந்து மீட்டர் ஆர்ஜி 6 வயர் தனியாக வாங்கி இரண்டு முனையிலும் பின் போட்டுத் தரச் சொல்லுங்கள். சில பெட்டியில் திருகும் பின், சில டிவியில் சொருகும் பின். மாற்றும் சின்னப் பின்னையும் கையோடு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக மறுபடி மவுண்ட் ரோடு போக வேண்டும்.

ஆன்டெனாவுக்கு முன் டிவியைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் எல்லா டிவியிலும் டிவிபி டி2 ட்யூனர் கிடையாது. கையேட்டில் ட்யூனர் என்ற வரியில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் டிவிபி டி என்றோ டிவிபி சி என்றோ இருந்தால் போதாது. இல்லையென்றால் அதற்கென்று தனி செட் டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் இதற்கு உதவாது.

எங்கே வைப்பது? பழைய காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த நடுநிலை இல்லை. காசோலை மாதிரி. கணக்கில் இருப்பு ஒரு ரூபாய் குறைந்தாலும் திரும்பிவிடும், முக்கால்வாசி பாஸ் என்று கிடையாது. அதனால் ஹாலில் வைத்து "நோ சிக்னல்" என்று வந்ததும் ஒளிபரப்பே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டடி நகர்த்தினால் வரலாம்.

நம் வீடுகளில் ஜன்னலுக்கு இரும்பு கிரில் போட்டிருக்கிறோம், அதன் மேல் கொசுவலை. கொசுவலை உலோகக் கம்பியானால் அது அலையைத் தடுக்கும் கூண்டு. வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டும் பளபள ஃபிலிமும் அப்படித்தான். நைலான் வலையானால் பாதகமில்லை. நம் கட்டடத்தில் நான் மூன்று வீடுகளில் பார்த்தேன். மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி: துணி உலர்த்தும் கம்பியில் தொங்கவிட்டாலே வந்தது. இரண்டாம் மாடியில் மேற்குப் பார்த்த ஹால்: எதுவும் இல்லை, ஆனால் அதே வீட்டின் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கிழக்கே ஒரு திறப்பு இருக்கிறது, அங்கே வந்தது. அங்கிருந்து டிவிக்கு வயர் இழுக்க வேண்டியிருந்தது. முதல் மாடி: கஷ்டம். நமக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே தி. நகர் கடைகள் மலைமாதிரி நிற்கின்றன. நேராக வராமல், பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வருவதைத்தான் பிடிக்க முடிந்தது. அதனால் கீழ் மாடிக்காரர்கள் கிழக்குதான் என்று பிடிவாதம் பிடிக்காமல் எல்லா ஜன்னலிலும் முயன்று பாருங்கள்.

முயலும்போது டிவியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று வலிமை, மற்றது தரம். தரத்தை மட்டும் பாருங்கள். வலிமை நிறைய இருந்து தரம் பூஜ்யம் என்றால், இரைச்சலைத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நல்ல இடம் கிடைத்த பிறகு, ஃபேன் ஓடும்போது, விளக்கு போடும்போது, மிக்ஸி அரைக்கும்போது எல்லாம் தரம் இறங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு அப்புறம் ஆணி அடியுங்கள்.

ஃப்ரீ டிஷ் எப்படி என்று கேட்பீர்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. மாதக் கட்டணம் கிடையாது, சேனல்கள் அதிகம், தூர்தர்ஷன் அல்லாத இலவச சேனல்களும் உண்டு. இயன்றவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் தட்டு மொட்டை மாடியில் இருக்க வேண்டும், அல்லது தென்கிழக்கே திறந்த பால்கனியில். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது, மேல் வீட்டு சன்ஷேடே மறைத்துவிடும். மொட்டை மாடியில் புதிதாகத் தட்டு வைக்கக் கூடாது என்று, நீர்க்கசிவு காரணமாக, நாம் தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்தத் தீர்மானம் இருக்கும்வரை கீழ் வீட்டு வயதானவர்களுக்கு ஜன்னல் ஆன்டெனாதான் மிச்சம். ஒரே தட்டில் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழி உண்டு. கமிட்டி அதை யோசிக்கலாம்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் நம் தெருக்களை என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியும். கன மழையில் டிஷ் படம் உறையும், அந்த அலையை மழைத்துளி உறிஞ்சும். கேபிளுக்கு வேறு கஷ்டம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருக் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குக் கரன்ட் இல்லாவிட்டால் படம் வராது. தரைவழி யுஎச்எஃப் அலைக்கு மழை ஒரு பொருட்டில்லை, வழியில் பெட்டியும் இல்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் புயல் செய்தி கேட்க இது உதவும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரி போட்ட ரேடியோ ஒன்று இருக்கட்டும். ஆகாசவாணி சென்னை 720 கிலோஹெர்ட்ஸில் இன்றும் இருக்கிறது.

ஓட்டெடுப்புக்கு வருகிறேன். இணையம் வேண்டாம், டிவியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வீட்டுக்கு அந்தத் தொகை இல்லை என்று ஒரு வரியை யோசனையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 24 வீடு இருந்தால்தான் இந்த விலை என்று நிறுவனம் சொன்னால், 17 வீட்டுக்கு என்ன விலை என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம். வாய்வார்த்தையில் சொன்ன வட்டி விகிதத்தை நம்பி யாரும் டெபாசிட் போட்டதில்லை.

ஆனால் ஆன்டெனா வரும் வராது என்று தெரியாமல் அந்த ஏழு வீட்டாரும் எழுதிக் கொடுக்க முடியாது. என்னிடம் ஒரு தட்டை ஆன்டெனாவும், ஒரு கொம்பு ஆன்டெனாவும், பத்து மீட்டர் வயரும், ஒரு டிவிபி டி2 பாக்ஸும் இருக்கின்றன. இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வீடு வீடாகக் கொண்டுவருகிறேன். ஒரு வீட்டுக்கு அரை மணி ஆகும். பெயரை வாட்ச்மேனிடம் இருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். கீழ் மாடி வீடுகளை முதலில் பார்ப்போம், அங்கேதான் நேரம் அதிகம் பிடிக்கும். எந்த ஜன்னலில் தரம் எவ்வளவு என்று எழுதி, ஓட்டெடுப்புக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். ஸ்டூல் மட்டும் நீங்கள் கொடுங்கள், ஏறுவதற்கு யாராவது ஒரு பையனையும் ஏற்பாடு செய்யுங்கள்.